பவளத்தின் பசி
(ஒரு பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பேச்சுக்குள் நுழையும் முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆசை காட்டிவிட்டுப் போய்விட்டார் என்று பிறகு யாரும் என்னைத் திட்டக் கூடாது. இந்தியாவில் பாறை கட்டும் கற்பவளங்கள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2001இல் அவற்றைச் சேர்த்தார்கள். புலிக்கு என்ன பாதுகாப்போ அதேதான் பவளத்துக்கும். மன்னார் வளைகுடாவில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்து வீட்டுத் தொட்டியில் வைத்தால் அது குற்றம். எனவே கொளத்தூரில் வண்ண மீன் வாங்கி வளர்க்கும் நண்பர்கள் இன்றைய பேச்சைச் செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்லப்போவது ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் பவளம் வளர்ப்பவர்களின் அனுபவம். அங்கும் எல்லை தாண்டிப் பவளம் வர அனுமதிச் சீட்டு வேண்டும். ஆனால் வளர்ப்பது தடையில்லை, தொட்டியில் வளர்ந்த பவளத்தையே துண்டு போட்டுக் கைமாற்றிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் இங்கே எதற்கு இந்தப் பேச்சு? பவளம் என்ன சாப்பிடுகிறது என்ற கேள்வியோடு நூறு ஆண்டுகளாக மல்லுக்கட்டியவர்கள் இரண்டு வகை. ஒரு பக்கம் கடல் ஆய்வாளர்கள். இன்னொரு பக்கம் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பது செத்துவிடாமல் பார்த்துக்கொள்ளப் போராடிய பொழுதுபோக்குக்காரர்கள். இரண்டாமவர்கள் செய்த தவறுகளும் கண்டுபிடித்த தந்திரங்களும் இன்று அழியும் பவளத்திட்டுகளை மீட்கும் வேலையில் பயன்படுகின்றன. அந்தக் கதை தமிழில் அதிகம் சொல்லப்படவில்லை.

பவளம் ஒரு விலங்கு. இதை 1720களில் பிரெஞ்சு மருத்துவர் பேசோனெல் சொன்னபோது பாரிஸில் யாரும் நம்பவில்லை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் மர்சிலி என்ற இத்தாலியர், பவளக் கிளையைக் கடல்நீரில் போட்டதும் வெள்ளை வெள்ளையாக விரிந்தவற்றைப் பார்த்து, அவை பூக்கள் என்று எழுதியிருந்தார். அந்தப் பூ ஒவ்வொன்றும் ஒரு பாலிப். ஒரு சின்னக் குழாய், மேலே ஒரு வாய், வாயைச் சுற்றி உணர்கொம்புகள், கொம்புகளில் கொட்டும் செல்கள். வந்ததைப் பிடித்து, உணர்விழக்கச் செய்து, வாய்க்குள் தள்ளும். கழிவு வெளியேறுவதும் அதே வாய் வழியாகத்தான். ஆயிரக்கணக்கான பாலிப்புகள் தோலால் ஒட்டிக்கொண்டு அடியில் சுண்ணாம்பு எலும்பைக் கட்டிக்கொண்டே போவதைத்தான் பவளம் என்கிறோம். இதில் மறைந்திருக்கும் சங்கதி வேறு. பெரும்பாலான வெப்பக்கடல் கற்பவளங்களின் உடல் செல்களுக்குள்ளே ஜூசாந்தெல்லா எனப்படும் ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்தின் பழுப்பு நிறம் அவற்றுடையது.

ஆக ஒரே உடலில் வாயும் இருக்கிறது, இலையும் இருக்கிறது. எதை வைத்துப் பிழைக்கிறது?

1928 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் லோ ஐல்ஸ் என்ற சிறு தீவில் ஒரு பிரிட்டிஷ் ஆய்வுக்குழு இறங்கியது. தலைவர் சி.எம். யங்குக்கு அப்போது வயது 28. ஓராண்டுக்கு மேல் அங்கேயே தங்கி அந்தக் குழு செய்த வேலைகளில் ஒன்று, பவளங்களை வெளிச்சம் புகாத பெட்டிகளில் அடைத்து வைத்துப் பார்ப்பது. இருட்டில் பவளங்கள் தம் பாசிகளை இழந்து வெளிறின. ஆனால் இரை கிடைத்தவரை உயிரோடு இருந்தன. இதிலிருந்து யங் வந்த முடிவு: பவளம் முழு மாமிசபட்சிணி. பாசி அதற்கு உணவு தருவதில்லை, கழிவை அகற்றித் தருகிறது, அவ்வளவுதான். அந்தக் காலத்துக்கு அது நியாயமான முடிவு. ஏனென்றால் பாசியிலிருந்து பவளத்துக்கு என்ன போகிறது என்று பார்க்கும் கருவி அவரிடம் இல்லை.

கருவி 1950களில் வந்தது, கதிரியக்கக் கார்பன் என்ற வடிவத்தில். 1958இல் லியோனார்ட் மஸ்கட்டைனும் காடெட் ஹேண்டும் கடல் சாமந்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் பாசி உறிஞ்சிய கார்பன் விலங்கின் திசுவுக்குள் போய்ச் சேர்வதைக் காட்டினார்கள். அதன் பிறகு தராசு மறுபக்கம் சாய்ந்தது. 1984இல் ஃபால்கோவ்ஸ்கி, மஸ்கட்டைன் முதலானோர் ஸ்டைலோஃபோரா என்ற செங்கடல் பவளத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நல்ல வெளிச்சத்தில் வாழும் பவளத்தின் பாசி, தான் தயாரிக்கும் கார்பனில் 90 விழுக்காட்டுக்கு மேல் பவளத்திடம் கொடுத்துவிடுகிறது. பவளம் மூச்சுவிடச் செலவழிக்கும் கார்பனைவிட அது அதிகம். நிழலில் வாழும் பவளத்துக்கோ பாதித் தேவைக்குச் சற்று மேலேதான் கிடைக்கிறது.

இந்த 90 விழுக்காடு என்ற எண் வீட்டுத் தொட்டிக்காரர்களைப் பல ஆண்டுகள் தவறான வழியில் கொண்டுபோனது என்பது என் கருத்து. விளக்கைப் பிரகாசமாக வைத்தால் போதும், பவளம் தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டார்கள். அதே ஆய்வாளர்கள் அடுத்த வரியில் சொன்னதை யாரும் கவனிக்கவில்லை. பாசி கொடுப்பது பெரும்பாலும் கிளிசரால், சர்க்கரை, கொழுப்பு. அதில் நைட்ரஜன் சொற்பம், பாஸ்பரஸ் சொற்பம். எரித்து மூச்சுவிட அது போதும். புதுத் திசு வளர, முட்டை வைக்க, காயம் ஆற அது போதாது. வெறும் சோறு மட்டும் வயிறாரக் கிடைத்துப் பருப்பே கிடைக்காத பிள்ளையின் நிலைமைதான். அந்தப் பருப்புக்காகத்தான் பவளம் இரவில் கொம்பை விரிக்கிறது.

இங்கே டார்வின் காலத்திலிருந்து வரும் ஒரு புதிர் குறுக்கே வருகிறது. பவளத்திட்டைச் சுற்றியுள்ள நீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவுக்குக் காரணமே அதில் சத்து இல்லாததுதான். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அளவுகோலில் தெரியாத அளவுக்குக் குறைவு. இப்படி ஒரு பாலைவன நீரில் எப்படி இவ்வளவு உயிர்? விடையின் பெரும்பகுதி, நீரில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் நீர் வழியாக எவ்வளவு போகிறது என்று பார்த்தால் கிடைத்துவிடும். ஒரு லிட்டரில் இருக்கும் மிதவை உயிரிகள் ஒரு கைப்பிடிக்கும் காணாது. ஆனால் அலையும் நீரோட்டமும் இராப்பகலாக அந்த லிட்டருக்குப் பின்னால் அடுத்த லிட்டரைக் கொண்டுவந்து தள்ளிக்கொண்டே இருக்கின்றன. 1988இல் ஹாம்னரும் குழுவினரும் பெருந்தடுப்புத் திட்டின் காற்றடிக்கும் முகப்பில் மிதவை உயிரிகளைத் தின்னும் மீன் கூட்டங்களை ஆராய்ந்தார்கள். திட்டின் முன்னே வாய்களாலேயே கட்டிய ஒரு சுவர் நிற்கிறது என்று வர்ணித்தார்கள். வெளிக்கடலிலிருந்து வரும் இரையைப் பகலில் அந்த மீன்கள் வடிகட்டிவிடும். அவை போடும் கழிவு கீழே பவளத்தின் மேல் விழும்.

இந்தக் கழிவு விஷயம் வேடிக்கை இல்லை. 1983இல் மேயர், ஷுல்ட்ஸ், ஹெல்ஃப்மன் மூவரும் கரீபியனில் செயின்ட் குரோய் தீவருகே செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. கிரண்ட் என்ற சிறு மீன்கள் இரவெல்லாம் கடற்புல் திடலில் மேய்ந்துவிட்டுப் பகலில் பவளக் கிளைகளின் மேலே கூட்டமாக ஓய்வெடுக்கும். அப்படிக் கூட்டம் தங்கும் பவளங்களும் தங்காத பவளங்களும் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தன. மீன் தங்கிய பவளம் வேகமாக வளர்ந்தது. மீனின் செவுளிலிருந்து வெளிவரும் அம்மோனியாவைப் பாசி எடுத்துக்கொள்கிறது, எச்சத்தைப் பாலிப் எடுத்துக்கொள்கிறது. தொட்டி வைத்திருக்கும் ஒருவருக்கு நான் ஒரே ஒரு ஆய்வைத்தான் படிக்கத் தரலாம் என்றால் இதைத்தான் தருவேன்.

இனித் தொட்டிக்கு வருவோம்.

1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் தன் முறையை எழுதினார். கடலிலிருந்து உயிரோட்டமான பாறைத் துண்டுகள், கடல்நீர், மெல்லக் குமிழ் விடும் காற்றுக்குழாய், வெயில். அவ்வளவுதான். அந்தப் பாறையின் துளைகளுக்குள் இருந்த பாக்டீரியாக்கள் மீன் கழிவைச் சுத்திகரித்தன. வெளிப்புறத்தில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா, ஆக்ஸிஜன் எட்டாத உட்புறத்தில் நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றும் பாக்டீரியா. இதெல்லாம் பிற்பாடு தெரியவந்த விளக்கம். அன்றைக்கு மேலை நாடுகளில் வாங்கிய பவளமெல்லாம் சில வாரங்களில் வெள்ளை எலும்பாகிக்கொண்டிருந்தது. ஜகார்த்தாக்காரர் தொட்டியில் அது வளர்ந்தது. கடலுக்கு அருகில் இருப்பவருக்கு மட்டுமே சாத்தியம் என்று பலர் அதை ஒதுக்கிவிட்டார்கள்.

அதே யோசனையைக் கடலே இல்லாத பெர்லினில் 1970களின் இறுதியிலும் 80களிலும் கெட்டிப்படுத்தினார்கள். லைவ் ராக் என்று சொல்லும் அந்த உயிர்ப்பாறை, பளீரென்ற மெட்டல் ஹாலைடு விளக்கு, சுண்ணாம்புத் தெளிவு, புரோட்டீன் ஸ்கிம்மர். ஸ்கிம்மர் என்பது ஒரு குழாய்க்குள் மிக நுண்ணிய காற்றுக்குமிழ்களைக் கடல்நீரோடு அடித்துக் கலக்கும் சாதனம். நீரில் கரைந்த கரிமக் கழிவுகள் குமிழின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே ஏறி ஒரு கிண்ணத்தில் விழும். காற்று பலமாக இருக்கும் நாளில் கடற்கரையில் பழுப்பு நுரை திரள்கிறதே, அதே வினைதான். இந்த முறையில் டீட்ரிஷ் ஸ்டூபர் என்பவரின் தொட்டியில் வளர்ந்த ஒரு அக்ரோபோரா பவளத்திலிருந்து ஒடித்த துண்டுகள் கைமாறிக் கைமாறி ஐரோப்பா முழுதும் பரவின. கடலைத் தொடாமல் பவளத்தைப் பெருக்க முடியும் என்பதற்கு அதுதான் முதல் பெரிய சாட்சி.

பெர்லின் முறை வென்றது. வென்றதன் விளைவாக ஒரு புது மதமும் பிறந்தது. நீரை எவ்வளவு சுத்தமாக்க முடியுமோ அவ்வளவு சுத்தமாக்கு என்ற மதம். ஸ்கிம்மர் பெரிதாகிக்கொண்டே போனது. பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகள்கள் வந்தன. நைட்ரேட்டைத் தின்னப் பாக்டீரியாவுக்கு வோட்கா ஊற்றினார்கள். ஆமாம், குடிக்கிற வோட்காதான், மில்லிலிட்டர் கணக்கில். பாக்டீரியா பெருகி நைட்ரேட்டை விழுங்கும், அந்தப் பாக்டீரியாவை ஸ்கிம்மர் அள்ளி எறியும். அளவுமானியில் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். கூடவே மீனுக்கும் இரண்டு நாளைக்கு ஒரு சிட்டிகைத் தீனி, அழுக்காகிவிடும் என்று.

பவளங்கள் மங்கின. நுனி வெந்தது போல் தோல் உரிந்தது. பூஜ்யத்தின் காலியிடத்தில் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற பழுப்புச் சளி படர்ந்து, அதைத் தின்ற நத்தைகள் செத்தன. கடலில் சத்து பூஜ்யம்தானே, நாங்களும் பூஜ்யம்தானே வைத்திருக்கிறோம் என்று கேட்டார்கள். கடலில் இருப்பு பூஜ்யம், வரத்து பூஜ்யம் இல்லை. தொட்டியில் இரண்டுமே பூஜ்யமாகிவிட்டது.

இதற்குச் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மனும் சிசிலியா டி'ஆஞ்சலோவும் நடத்தும் பவள ஆய்வகத்திலிருந்து தெளிவான விளக்கம் வந்தது. அங்கே ஆய்வு நடப்பதே தொட்டிகளில்தான். நைட்ரஜன் நிறைய இருந்து பாஸ்பரஸ் தட்டுப்பாடானால் பாசியின் சவ்வு பலவீனமாகி, வெப்பத்திலும் வெளிச்சத்திலும் பவளம் எளிதில் வெளிறிவிடும் என்று 2013இல் காட்டினார்கள். 2023இல் வந்தது இன்னும் சுவையான செய்தி. மீனும் இல்லை, தீனியும் இல்லை, ஆனால் நீரில் கரைந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் உண்டு என்ற நிலையில் பவளங்களை வைத்துப் பார்த்தபோது அவை நன்றாக வளர்ந்தன. எப்படி? தமக்குள் பெருகும் பாசியில் ஒரு பங்கைப் பவளமே செரித்து, அதிலிருந்து நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் எடுத்துக்கொள்கிறது. அதாவது பவளம் தன் தோலுக்குள்ளேயே பயிர் வைத்து அறுவடை செய்கிறது. கடலிலும் இது நடக்கிறதா என்று இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளில் பார்த்தார்கள். கடற்பறவைகள் கூட்டமாகத் தங்கி எச்சமிடும் தீவுகளின் ஓரத்தில் பவளம், பறவையற்ற தீவுகளின் ஓரத்தைவிட வேகமாக வளர்ந்திருந்தது.

ஆகவே பவளம் மூன்று வழியில் சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பாசி தரும் சர்க்கரை, வாயால் பிடிக்கும் இரை, பாசியையே தின்னும் அறுவடை. முதலாவதற்கு விளக்கு. மற்ற இரண்டுக்கும் தீனி தொட்டிக்குள் வந்தாக வேண்டும்.

இதைச் சொன்னதும் கடைக்குப் போய்ப் பவள உணவு என்று அச்சிட்ட புட்டியை வாங்கி ஊற்றுவதுதான் வழக்கம். எனக்கு அந்தப் புட்டிகள் மேல் பெரிய மரியாதை இல்லை. அமினோ அமிலங்களைப் பவளம் நீரிலிருந்து நேரடியாக உறிஞ்சும் என்பதை மொனாக்கோ ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் புட்டியிலிருந்து ஊற்றியதில் பெரும்பகுதியைப் பாக்டீரியாவும் ஸ்கிம்மரும்தான் எடுத்துக்கொள்ளும். அதே காசுக்கு இரண்டு மீனைக் கூடுதலாக வைத்து, அவற்றுக்கு நாளுக்கு இரண்டு மூன்று முறை நன்றாகத் தீனி போடுவது மேல். மீன் சிந்தியது பெரிய பாலிப்புக்கு, மீனின் எச்சம் சின்னப் பாலிப்புக்கு, செவுள் விட்ட அம்மோனியா பாசிக்கு. செயின்ட் குரோய் மீன்கள் செய்த வேலையைத் தொட்டி மீன்கள் செய்யும். கூடவே ஸ்கிம்மரும் ஓட வேண்டும், வாரம் பத்து விழுக்காடு போல நீர் மாற்றவும் வேண்டும். நிறையப் போடு, நிறைய அகற்று. நைட்ரேட் லிட்டருக்கு சில மில்லிகிராம், பாஸ்பேட் ஒரு மில்லிகிராமில் நூறில் சில பங்கு என்று கண்ணுக்குத் தெரியும் அளவில் நின்றால் யாரும் பதற வேண்டியதில்லை.

எல்லாப் பவளமும் ஒரே மாதிரி உண்பதில்லை. அக்ரோபோரா, மான்டிபோரா போன்றவற்றின் வாய் குண்டூசித் தலையளவு. அவற்றுக்கு மேலே சொன்ன மீன் வழியும் பலமான நீரோட்டமுமே பெரும்பாலும் போதும். யூஃபில்லியா, டிராக்கிஃபில்லியா போன்ற சதைப்பற்றுள்ள பெரிய பாலிப் வகைகள் விரலால் தொட்டால் உணரும் அளவுக்குப் பசி காட்டும். உறைய வைத்த மைசிஸ் என்ற குட்டி இறால் வகையைக் கரைத்து, நீரோட்ட மோட்டாரை ஒரு கால் மணி நேரம் நிறுத்திவிட்டு, நீண்ட பிப்பெட்டால் வாயருகே மெல்ல விட வேண்டும். விளக்கு அணைந்த பிறகு கொடுத்தால் கொம்புகள் விரிந்திருக்கும். வாரம் ஒன்றிரண்டு முறை போதும். பேராசைப்பட்டுப் பெரிய துண்டாகத் திணித்தால், செரிக்காமல் இரவில் கக்கிவிடும். ஊட்டியவருக்கு அது தின்றுவிட்டது என்ற திருப்தி, காலையில் தொட்டியில் நாற்றம்.

உயிருள்ள இரை என்றால் ஆர்ட்டீமியாதான் ராஜா. உப்பளங்களில் வாழும் இந்தச் சிற்றிறாலை நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் காணலாம். உலகச் சந்தைக்கு முட்டை பெருமளவு அமெரிக்காவின் கிரேட் சால்ட் ஏரியிலிருந்து வருகிறது. காய்ந்த முட்டை ஆண்டுக்கணக்கில் கெடாது. உப்பு நீரில் போட்டு, 28 பாகை வெப்பத்தில், வெளிச்சத்தில், காற்றைக் குமிழ விட்டால் 24 மணி நேரத்தில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடுகள் மேலே மிதக்கும். குஞ்சுகள் வெளிச்சம் நோக்கி வரும், அங்கே வைத்து உறிஞ்சி, நல்ல நீரில் அலசிக் கொடுக்கலாம். பொரிந்த அன்றே கொடுப்பதுதான் முக்கியம். குஞ்சு தன் மஞ்சள் கருவைத் தானே தின்றுகொண்டிருக்கிறது. ஒரு நாள் தாமதித்தால் பவளத்துக்குக் கிடைப்பது வெறும் கூடு.

பாசியே இல்லாத பவளங்களும் உண்டு. சூரியப் பவளம் என்று விற்கப்படும் டியூபாஸ்ட்ரியா வெயிலையே நம்பாது. பாறைக் குகையின் கூரையில் ஆரஞ்சுக் கிண்ணங்களாகத் தொங்கும். தொட்டியில் அதன் ஒவ்வொரு பாலிப்புக்கும் தனித்தனியாக ஊட்ட வேண்டும். விரிய மறுத்தால் முதலில் இறால் கரைத்த நீரைக் கொஞ்சம் விட்டு வாசம் காட்டி, கால் மணி கழித்துத் தீனியோடு போக வேண்டும். பல வாரங்களில் அது நேரம் பழகிக்கொள்ளும். வேலைக்குப் போகிறவர்கள் வாங்கக் கூடாத பவளம். டென்ட்ரோநெஃப்தியா அதைவிட மோசம். சிவப்பும் ஊதாவுமாகக் கண்ணைப் பறிக்கும் மென்பவளம். செங்கடலில் அதை ஆராய்ந்த ஃபாப்ரிஷியஸ் குழுவினர், அது முக்கியமாகத் தாவர மிதவைகளை, அதாவது மிகமிகச் சின்னப் பாசிகளைத் தின்கிறது என்று 1995இல் எழுதினார்கள். ஓயாத நீரோட்டமும் ஓயாத நுண்பாசியும் வேண்டும். வீட்டில் அது பட்டினி கிடந்து, மாதம் மாதமாகச் சுருங்கிச் சாகும். அழகாக இருக்கிறதே என்று அதை விற்பவர்களுக்கு என் வாயில் நல்ல சொல் வராது.

இனி எலும்பு. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் நம் ஊர் இங்கேதான் வருகிறது.

பவளம் எலும்பு கட்ட நீரிலிருந்து கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுக்கிறது. கடல்நீரில் கால்சியம் லிட்டருக்கு சுமார் 420 மில்லிகிராம், அது ஒரு பெரிய கிடங்கு. காரத் தாங்குதிறனோ, தொட்டிக்காரர்கள் ஆல்கலினிட்டி என்று அளப்பது, ஜெர்மன் பாகையில் சுமார் 7தான். இரண்டும் ஒன்றோடொன்று பூட்டிய கணக்கு. கால்சியம் 20 மில்லிகிராம் குறைவதற்குள் ஆல்கலினிட்டி 2.8 பாகை குறைந்துவிடும். அதனால்தான் பவளம் நிறைந்த தொட்டியில் கால்சியத்தை அளந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர் காலையில் அதிர்ச்சி அடைகிறார். முதலில் சரிவது ஆல்கலினிட்டி. எந்த எண்ணில் வைப்பது என்பதைவிட அந்த எண்ணை ஆடாமல் வைப்பதில்தான் திறமை இருக்கிறது.

இரண்டையும் சம விகிதத்தில் திரும்பக் கொடுக்கும் மிகப் பழைய, மிக மலிவான பொருள் சுண்ணாம்புத் தெளிவு. சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடைத் தண்ணீரில் கலக்கி, தெளிய விட்டு, மேல்நீரை மட்டும் எடுப்பது. லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவுக்குத்தான் அது கரையும். பிஎச் 12க்கு மேல் எகிறும். ஆகையால் சொட்டுச் சொட்டாக, அதுவும் தொட்டியின் பிஎச் தானாக இறங்கும் இரவு நேரத்தில், ஆவியாகிப் போன நீருக்கு ஈடாக விட வேண்டும். மொத்தமாகக் கவிழ்ந்தால் தொட்டி பாலாகிவிடும், உயிர்கள் போய்விடும். வெற்றிலைச் சுண்ணாம்பைப் போடலாமா என்று இந்த அரங்கில் யாராவது கேட்பீர்கள். போடக் கூடாது. அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

பெர்லினில் பவளம் வளர்க்கச் சுண்ணாம்புத் தெளிவு சொட்டிக்கொண்டிருந்த அதே பத்தாண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டியெடுத்து, சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கிக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடி வட்டாரத்தில் படகு படகாகக் கல் வந்தது. கட்டடத்துக்கும் தொழிற்சாலைக்கும் போனது. 1986இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகும் அது உடனே நிற்கவில்லை. அந்த 21இல் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டும் இன்று நீர்மட்டத்துக்கு மேலே இல்லை. முன்னால் நின்ற பவளத்தை எடுத்ததால் அலையைத் தடுக்க ஆளில்லாமல் போனது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள். வேதியியல் ஒன்றுதான். சூளையில் அது ஒரு திசையில் ஓடியது, தொட்டியில் மறு திசையில்.

ஒரு எச்சரிக்கையை இடையில் செருகிவிடுகிறேன், வெளிநாட்டில் பிள்ளைகள் தொட்டி வைத்திருக்கும் பெற்றோர் இங்கே இருக்கலாம். சோவாந்திட் என்ற பொத்தான் பவளங்கள் தொட்டிகளில் மிகப் பிரபலம். அந்தக் குடும்பத்தின் பாலித்தோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஹவாயில் பிரித்தெடுத்து 1971இல் அறிவித்தார்கள். வேண்டாத பாலித்தோவாவை அழிக்கப் பாறையோடு வெந்நீரில் கொதிக்க வைத்து, அந்த ஆவியை முகர்ந்து குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. கையுறை, கண்ணாடி போடாமல் அதை வெட்டக் கூடாது. பாறையை ஒருபோதும் வேகவைக்கக் கூடாது.

இப்போது இந்த ஊட்டல் வித்தை எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்ப்போம். 2006இல் ஆண்ட்ரியா க்ரோட்டோலி ஹவாயில் வெளிறிய பவளங்களைப் பற்றி எழுதினார். பாசியை இழந்த பிறகு மான்டிபோரா வகை ஒன்று இரை பிடிப்பதை வேகமாகக் கூட்டி, அன்றாடத் தேவை முழுவதையும் வாயாலேயே ஈடுகட்டியது. பக்கத்திலிருந்த போரைட்டிஸால் அது முடியவில்லை. லோ ஐல்ஸின் இருட்டுப் பெட்டியில் யங் பார்த்தது பாதி உண்மை என்பது இங்கே தெளிவாகிறது. வெளிறல் வந்த கடலில், தின்னத் தெரிந்த பவளத்துக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது.

லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தின் மீன் காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் 2012இல் ஒரு திட்டம் தொடங்கினார். பவளத்திட்டுகளிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, மூடிய தொட்டிக்குள் பவளத்தை அதன் பருவத்தில் முட்டையிட வைப்பது. சூரியன் எழும் நேரம், மறையும் நேரம், ஆண்டு முழுவதும் மாறும் வெப்பம், நிலவின் வளர்பிறை தேய்பிறை எல்லாவற்றையும் விளக்காலும் கணினியாலும் அவர் போலச் செய்தார். அக்ரோபோராக்கள் குறித்த இரவில் முட்டையும் விந்தும் கொண்ட இளஞ்சிவப்பு உருண்டைகளை விட்டன. நிலவொளியைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அந்த உருண்டைகளுக்குள் இருக்கும் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. மாதக்கணக்கில் தினசரி மாலையில் போட்ட ஆர்ட்டீமியாவும் மற்ற தீனியும் அதில் இருக்கின்றன. அதே முறையைப் பின்பற்றி 2019 ஆகஸ்டில் ஃபுளோரிடா மீன் காட்சியகத்தில் தூண் பவளம் முட்டையிட்டது. ஃபுளோரிடாவின் கடலில் 2014 முதல் பரவும் திசு இழப்பு நோயால் அந்த வகை அழிவின் விளிம்பில் நிற்கிறது.

முட்டையிலிருந்து வந்த குஞ்சுப் பவளத்துக்கு முதல் சில மாதங்கள்தான் ஆபத்து. கடுகளவு பாலிப், மேலே பாசி படர்ந்தால் முடிந்தது, நத்தை மேய்ந்தால் முடிந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டோ டாய் சோங்கும் சகாக்களும் போசிலோபோரா குஞ்சுகளைத் தொட்டியில் வெவ்வேறு அளவு ஆர்ட்டீமியா கொடுத்து வளர்த்து, பிறகு கடலில் நட்டுப் பார்த்தார்கள். நிறையத் தின்றவை பல மடங்கு பெரிதாக இருந்தன, நட்ட பிறகும் அதிகம் பிழைத்தன. 2014இல் அதை வெளியிட்டபோது அவர்கள் தனியாகச் செலவுக் கணக்கும் போட்டிருந்தார்கள். தீனிக்கும் ஆள் கூலிக்கும் ஆகும் செலவைச் சேர்த்தாலும், கடைசியில் உயிரோடு நிற்கும் ஒரு பவளத்துக்கு ஆகும் செலவு என்று பார்த்தால் ஊட்டி வளர்ப்பது நட்டமில்லை. தூத்துக்குடியில் 2002 முதல் செய்துவரும் மறுநடவு பெரும்பாலும் ஒடித்த துண்டுகளைச் சிமென்ட் பலகையில் கட்டி நேரே கடலில் வைப்பது. துண்டு ஏற்கெனவே வளர்ந்த உடல், அதற்குத் தொட்டியும் ஆர்ட்டீமியாவும் தேவைப்படவில்லை. முட்டையிலிருந்து தொடங்குவது என்று அங்கே ஒரு நாள் முடிவெடுத்தால், குஞ்சுக்கு வேண்டிய தீனி உப்பளத்தில், கூப்பிடு தூரத்தில் நீந்திக்கொண்டிருக்கிறது.